மொய் நோட்டும் மானியக் குழுவும்

அனுப்புநர்:
ஹெச்-இண்டெக்ஸ் 9,
வேதியியல் ஆசிரியர்,
நாகமலை அடிவாரம், மதுரை – 19.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பல்கலைக்கழக மானியக் குழு,
பகதூர் ஷா ஜாபர் மார்க், புது தில்லி – 2.

பொருள்: ஆராய்ச்சியாளரை எடை போடும் முறையில் மதுரைச் சீமையின் மொய் நோட்டையும் சேர்த்துக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

அனுப்புநர் இடத்தில் பெயரை எழுதாமல் எண்ணை எழுதியிருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரால் எனக்கு இதுவரை ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. மாட்டுத்தாவணியில் நின்று "பாண்டி" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பஸ்ஸிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். மேற்கோள் கணக்கு வைத்திருக்கும் தளங்களிலும் அதே கதைதான். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதிய பேப்பர்கள் ஒரு பாண்டி கணக்கிலும், பின்னால் போட்டு எழுதியவை இன்னொரு பாண்டி கணக்கிலும் கிடந்தன. இரண்டு பாண்டியும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எட்டு மாதம் ஆனது. இடையில் மாட்டுத் தீவனம் பற்றிய கட்டுரை ஒன்று தானாக என் கணக்கில் வந்து உட்கார்ந்தது. அதற்கு 212 சைட்டேஷன். என்னுடையது அல்ல என்று நேர்மையாக நீக்கிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் நீக்கினேன் என்பதையும் நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

எண் அப்படியல்ல. மாசி மாதம் நடந்த பதவி உயர்வு நேர்காணலில் அதைக் கண்ணால் பார்த்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஐந்து பேர் குழு, மேசையில் முந்திரிப் பக்கோடா. என்னுடைய 14 வருட உழைப்பு, ஸ்பைரல் பைண்டிங் போட்ட மூன்று தொகுதிகளாக அவர்கள் முன்னால் இருந்தது. பெரியவர் ஒருவர் முதல் தொகுதியை இழுத்துக் காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஹெச் எவ்வளவு?"

"ஒன்பதுங்க ஐயா."

"போன வருஷம்?"

"எட்டு."

"பரவாயில்லையே, வளர்றீங்க" என்றார், லீவுக்கு வந்த பிள்ளையை வாசற்படியில் நிறுத்தி உயரம் பார்க்கும் பெரியப்பா மாதிரி. அவ்வளவுதான் நேர்காணல். இரண்டாம் தொகுதியில் ஒரு பேப்பரில் உருகுநிலை ஒன்று தப்பாக அச்சாகியிருந்தது. யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் என்ன சொல்வது என்று முந்தின ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. வீண் கவலை. டம்ளர் வைத்த வட்டக் கறை மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

ஒன்பது என்றால் என்ன என்று என் மாமனார் கேட்டார். குறைந்தது ஒன்பது தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய பேப்பர் என்னிடம் ஒன்பது இருக்கிறது. பத்துத் தடவை காட்டிய பேப்பர் பத்து இல்லை. இதை 2005இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் இருக்கும் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். இயற்பியல் துறையில், பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில், சுமார் 12 இருந்தால் நிரந்தரப் பணியும் 18 இருந்தால் முழுப் பேராசிரியர் பதவியும் கொடுக்கலாம் என்று அவர் ஒரு குத்துமதிப்பு சொன்னார். 2020இல் அதே மனிதர், இந்த எண் படுமோசமாகத் தோற்கவும் கூடும், கெடுதல்களும் உண்டு என்று எழுதிவிட்டார். மனம் மாறியவர் அவர். எண் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. நாங்கள் அவரைப் போல நன்றி கெட்டவர்கள் அல்ல.

உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். 2018 ஜூலை விதிமுறையின் புள்ளிக் கணக்கை நான் மீனாட்சியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் வாங்குகின்றன என்ற எண், இல்லாத இதழில் எழுதினால் 5 புள்ளி. ஒன்றுக்குக் கீழே என்றால் 10. பத்துக்கு மேல் போனால் 30. நான் மிகவும் ரசிப்பது கூட்டு ஆசிரியர் பங்கீட்டைத்தான். இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. ஐந்து பேர் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற நால்வருக்கும் தலா 30. முதல் கணக்கின் கூட்டுத்தொகை 140, இரண்டாவது 190. வினைக்கு முன்னும் பின்னும் எடை மாறாது என்று முதலாண்டு பிள்ளைகளுக்கு லவாய்சியர் பெயரைச் சொல்லி நடத்துகிறேன். பிரெஞ்சுப் புரட்சியில் அவர் தலையை எடுத்தார்கள். அவர் விதியின் தலை உங்கள் அலுவலகத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் நீங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. போட்டதைவிட எடுப்பது கூட இருக்க வேண்டும் என்ற கணக்கை எங்கள் ஊர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழாவுக்கு நீங்கள் வந்து பார்க்க வேண்டும் ஐயா. மண்டப வாசலிலேயே மேசை. முன்பெல்லாம் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய நீள நோட்டும், கையெழுத்து நன்றாக உள்ள ஒரு வாத்தியாரும் இருப்பார்கள். இப்போது லேப்டாப், பிரிண்டர், பணம் எண்ணும் மிஷின். கொடுத்த கையோடு ரசீது வருகிறது. ஊர், தகப்பன் பெயர், வகையறா, செய்யும் தொழில், வேண்டுமானால் பட்டப்பெயர் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு மண்டபத்தில் நாற்பது பாண்டி வந்தாலும் ஒருவன் பணம் இன்னொருவன் கணக்கில் ஏறாது. உலகத் தளங்களுக்கு எட்டு மாதம் பிடித்த வேலை, இங்கே வெற்றிலை போடும் நேரத்தில் முடிகிறது.

விசேஷம் முடிந்த அன்று ராத்திரி வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டுவார். "நாம அவனுக்கு ஆயிரம் செஞ்சோம், அவன் ஐந்நூறு எழுதிட்டுப் போயிருக்கான்" என்று ஒரு குரல் எழும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குச் செய்முறை என்பது நாங்கள் வைத்த பெயர். அதையே நீங்கள் சைட்டேஷன் என்கிறீர்கள். ஒரு பேப்பரை அனுப்பினால், முகம் தெரியாத ரிவ்யூவர் ஒருவர் இப்படி எழுதுவார்: கட்டுரை நன்று, கீழ்க்கண்ட ஏழு கட்டுரைகளையும் சுட்டிக்காட்டினால் இன்னும் சிறக்கும். அந்த ஏழிலும் ஒரு பெயர் மட்டும் மாறாமல் இருக்கும். இதற்கு எங்கள் ஊரில் பத்திரிகை வைப்பது என்று பேர். நானும் மறுத்ததில்லை. வைத்த பத்திரிகைக்குப் போகாவிட்டால் நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்? தன் பேப்பரில் தன் பழைய பேப்பரையே மேற்கோள் காட்டுகிறவர்களும் உண்டு. தன் வீட்டு விசேஷத்தில் தானே மொய் எழுதுகிறவர்கள். அவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை, எனக்கும் அதில் பதினோரு வரி இருக்கிறது.

மொய் நோட்டில் பொய் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். சாப்பாடு எப்படி இருந்தது என்று அந்த நோட்டு சொல்வதாகச் சொல்லிக்கொள்வதில்லை. இம்பாக்ட் ஃபேக்டரும் பிறக்கும்போது யோக்கியமாகத்தான் இருந்தது. வேதியியல் படித்த யூஜின் கார்ஃபீல்டு 1955இல் யோசனையாகச் சொன்னது, பிறகு எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர்கள் பார்க்க உதவியது. மளிகைக்கடைத் தராசு. அதில் இன்று ஆளை ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். தராசு எப்படி ஆடும் என்பதற்கு எங்கள் துறையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008இல் சுமார் 2. அடுத்த ஆண்டு 49.9. நேச்சர் இதழையே தாண்டிவிட்டது. படிகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர், படிக அமைப்பைக் கணக்கிடும் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை 2008இல் அந்த இதழில் ஒரு கட்டுரையாக எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்திய அத்தனை பேரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அந்த ஒரே கட்டுரையால் இதழ் மொத்தமும் மச்சுக்கு ஏறியது. உங்கள் அட்டவணை அப்போதே இருந்திருந்தால், பக்கத்துப் பக்கத்தில் எழுதியவருக்கும் 30 புள்ளி. ஒரு பணக்கார மாமன் வந்த பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பணக்காரர்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் கோர்தோபா பல்கலைக்கழகத்து வேதியியலாளர் ஒருவர் 2023இன் முதல் சில மாதங்களில் சராசரியாக 37 மணி நேரத்துக்கு ஒரு பேப்பர் போட்டார். பல்கலைக்கழகம் அவரைச் சம்பளமில்லாமல் 13 ஆண்டு இடைநீக்கம் செய்தது உண்மைதான். ஆனால் அது பேப்பர் கூடிப்போனதற்காக அல்ல. கோர்தோபாவில் முழுநேரச் சம்பளம் வாங்கிக்கொண்டு சவூதி, ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் பெயரையும் போட்டுக்கொண்டதற்காக. எனக்கு 37 மணி நேரத்தில் ஒரு காலம் ஓடி முடியாது. காலம் என்று நான் சொல்வது சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயை. என் மாணவி காலையில் முதல் பஸ்ஸில் வந்து அதற்கு முன்னால் உட்காருவாள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைச் சோதனைக் குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் டிஎல்சி என்ற தகட்டுச் சோதனை போட்டு, பிளேட்டை யூவி விளக்கடியில் காட்டுவாள். 31ஆம் குழாயில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் "சார், வந்துருச்சு" என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு புள்ளி தெரிந்தால் ஒரு சத்தமும் இருக்காது, நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சத்தத்துக்கு எத்தனை புள்ளி என்று அட்டவணையில் தேடினேன்.

இடையில் நீங்களும் சிரமப்பட்டிருக்கிறீர்கள். இதழ்ப் பட்டியல் கொடுத்தீர்கள். 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கினீர்கள். 2019இல் கேர் என்ற புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, அவரவர் நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். எங்கள் அவரவர் நிறுவனம் பக்கோடா வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பொறியியல் கல்லூரிகள் வேறு சபையின் கீழ் வருகின்றன, தெரியும்; ஒரு கணக்குக்குத்தான் கேட்கிறேன். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த இரா. வாசுதேவன் கேரிபேக் குப்பையை எடுத்துக்கொண்டார். ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை மேலே தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லையும் பொரியுருண்டைக்குப் பாகு பிடித்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் தார். கல்லுக்குள் தண்ணீர் இறங்குவதில்லை, அதனால் மழைக்குப் பிறகு பள்ளம் விழுவது குறைகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகுமே தவிர எரியாது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுப் பார்த்தார்கள். 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2015இல் நெடுஞ்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைச் சேர்க்கச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அதே 2018இல் வந்த உங்கள் அட்டவணையில் தேசியக் காப்புரிமைக்கு 7 புள்ளி.

ஏழு என்பது அநியாயம், கூடக் கொடுத்துவிட்டீர்கள். ரோடு யாரையாவது மேற்கோள் காட்டுகிறதா? அதன் மேல் போகும் டவுன் பஸ் அடிக்குறிப்புப் போடுகிறதா? முதுகெலும்பு நோகாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கர்ப்பிணி ஹெச்-இண்டெக்ஸை ஏற்றிவிட்டாளா? செய்முறை தெரியாத ஜனங்கள்.

ஆகவே ஐயா, எங்கள் கோரிக்கை சிறியது. நேர்காணல் குழுவில் ஐவருக்குப் பதில் ஒரு மொய் எழுத்தரைப் போடுங்கள். வேலை சுத்தமாக நடக்கும், செலவும் குறையும், தொகுதிகளை அவரும் திறக்கப் போவதில்லை.

வருகிற ஆவணியில் என் மகளுக்குக் காதணி விழா வைத்திருக்கிறோம். தாங்கள் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும். கறிச் சாப்பாடு உண்டு. பணமாக எதுவும் எழுத வேண்டாம். பத்தாவது பேப்பர் ஒன்று எட்டு சைட்டேஷனோடு நின்றுகொண்டிருக்கிறது, மற்ற ஒன்பதும் பத்தைத் தொட்டுவிட்டன. தங்களுடையது ஒன்றும், வரும்போது துணைத்தலைவர் அவர்களையும் அழைத்து வந்தால் அவருடையது ஒன்றும் போதும். தங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் மூன்றாகத் திருப்பிச் செய்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
9
(ஆவணிக்குப் பிறகு 10)