ஓடிப்போக ஒரு பர்மிட்

ஓக்லாந்து, கலிபோர்னியா.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இந்த ஊரில் போன ஜூன் மாதம் ஒரு பெண்ணும் பையனும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதற வேண்டாம், நம் வகையறாவில் யாரும் இல்லை. இருவரும் அமெரிக்கர்கள். ஓடிப்போகப் போகிறோம் என்று இரண்டு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி, தேதி குறித்து, ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்து, அரசாங்கத்திடம் அனுமதியும் வாங்கிக்கொண்டுதான் ஓடினார்கள். பெண்ணின் அப்பாவே காருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தார். பையனின் அம்மா வழிக்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தார். துரத்திப் பிடிக்க ஒரு தாய்மாமன்கூட இல்லாத ஓட்டம்.

குடும்பத்துக் கல்யாணத்துக்கெல்லாம் பந்தி விசாரித்துப் பழகிய உங்களுக்கு இது அபத்தமாகத்தான் படும். ஆனால் இங்கே பெரிய கல்யாணம் நடத்துகிறவர்கள் படும் பாடு வேறு மாதிரி. சராசரிச் செலவு 30,000 டாலரைத் தாண்டுகிறது என்று கல்யாணத் தொழில்காரர்கள் எடுக்கும் கணக்கே சொல்கிறது. அதில் ஜோடியும் கை கொடுக்க வேண்டும். நூறு பேரைக் கூப்பிட்டால் நூறு நாற்காலிக்கும் பெயர் ஒட்டியாக வேண்டும். ‘இலை போட்டாச்சு, உட்காருங்க’ என்கிற பேச்சே கிடையாது. பையனின் பெற்றோர் விவாகரத்தானவர்கள். அப்பாவுடைய இப்போதைய மனைவியை அம்மாவின் கண்ணில் படாமல் எந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்த்துவது என்று படம் வரைந்து வரைந்தே அந்தப் பெண்ணுக்குக் கல்யாண ஆசை பாதி போய்விட்டது. காட்டுக்குப் போய்விடலாம் என்று அவள்தான் முதலில் வாயெடுத்தாள்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போனால் ஓரிக் என்று ஒரு சின்ன ஊர் வரும். அதைச் சுற்றித்தான் ரெட்வுட் தேசியப் பூங்கா. நூறு மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், ஒரு அடி தடிமனில் பட்டை, இரண்டாயிரம் வயதைத் தாண்டியவையும் உண்டு. ஒரு காலத்தில் இருபது லட்சம் ஏக்கருக்குப் பரந்திருந்த பழங்காட்டில் இன்று மிச்சம் சுமார் ஐந்து சதவீதம்தான். மீதியெல்லாம் வீடாகவும் தண்டவாளக் கட்டையாகவும் ஒயின் தொட்டியாகவும் போய்ச் சேர்ந்துவிட்டது. உலகிலேயே உயரமான மரம் ‘ஹைபீரியன்’, சுமார் 116 மீட்டர், 2006-இல் கண்டுபிடித்தது, இந்தப் பூங்காவுக்குள்தான் நிற்கிறது. அதைத் தேடிப் போனவர்கள் அடிமரத்தைச் சுற்றி மண்ணை மிதித்தே கட்டாந்தரையாக்கிவிட்டதால் 2022-இல் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. போட்டோவுக்கு ஆசைப்பட்ட புது ஜோடி தேனிலவை உள்ளே கழிக்கலாம்.

கல்யாணம் நடந்த இடத்துக்கு லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு என்று பெயர். ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி அவர். 1968 அக்டோபரில் ஜான்சன் கையெழுத்திட்டுத்தான் பூங்காவே உண்டானது. மறு ஆண்டு ஆகஸ்ட் 27, ஜான்சனின் 61-ஆம் பிறந்தநாள். அன்றைக்கு, அடுத்து வந்த ஜனாதிபதி நிக்சன் நேரில் வந்து தோப்புக்கு அந்த அம்மாளின் பெயரைச் சூட்டினார். கலிபோர்னியா கவர்னராக ரீகனும் வந்திருந்தார். ஒரே மரத்தடியில் முன்னாள், இந்நாள், வருங்கால ஜனாதிபதிகள்!

அந்த அம்மாள் கல்யாணமும் ஏறக்குறைய இதே ரகம்தான், பெரியப்பா. 1934 செப்டம்பரில் டெக்சாசில் ஜான்சனைப் பார்த்தார். மறுநாளே ‘கட்டிக்கொள்கிறாயா?’ என்று கேட்டுவிட்டார் மனிதர். நவம்பர் 17-ஆம் தேதி சான் அன்டோனியோவில் ஒரு தேவாலயத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, கல்யாணம் முடிந்தது. கடைசி நேரத்தில் மோதிரம் இல்லை என்று தெரிந்து, அந்த ஊர்த் தபால் அதிகாரியாக இருந்த நண்பர் சியர்ஸ் கடைக்கு ஓடி இரண்டரை டாலருக்கு ஒன்று வாங்கி வந்தார். 1973-இல் ஜான்சன் கண்ணை மூடும்வரை அந்தக் கல்யாணம் நின்றது. ஓடிப்போகிறவர்களுக்கு இதைவிட ராசியான தோப்பு அமையாது. நம் ஜோடிக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. வண்டி நிறுத்தும் இடம் பக்கத்தில், நடைபாதை மொத்தமே இரண்டரை கிலோமீட்டர் என்று பார்த்து எடுத்த இடம் அது.

சம்பந்திகளின் நிபந்தனைகளிலிருந்து தப்பித்தவர்கள் தேசியப் பூங்கா அலுவலகத்தின் நிபந்தனைகளில் மாட்டிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கென்று தனி பர்மிட் எடுக்க வேண்டும். பலூன் கூடாது. ட்ரோன் கூடாது. பூவிதழ் தூவக் கூடாது. பாதையை விட்டு ஓரடி இறங்கக் கூடாது. இவ்வளவு உயர மரத்துக்கு ஆணிவேரே கிடையாது. வேரெல்லாம் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குள் பக்கவாட்டில் பரவி நிற்கிறது, மிதித்தால் மண் இறுகிவிடும். அரிசியும் தூவக் கூடாது. ஆமாம், அட்சதை போடுகிற வழக்கம் வெள்ளைக்காரர்களுக்கும் உண்டு.

அரிசிக்கும் கேக் துணுக்குக்கும் ஏன் இந்தக் கெடுபிடி என்பதுதான் சுவாரசியம். மார்பில்டு மர்ரலெட் என்று ஒரு கடற்பறவை. வயிற்றுப் பிழைப்பு கடலில், முட்டையிடுவது பழங்காட்டு மரத்தின் பாசி படர்ந்த உயரக் கிளையில். அதன் கூடு எங்கே என்று ஆராய்ச்சியாளர்கள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, 1974-இல் பிக் பேசின் காட்டில் மரமேறிய ஒரு தொழிலாளி தற்செயலாகப் பார்த்துச் சொன்னார். ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை. மனிதன் சிந்தும் துணுக்குக்கு ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் கூடும். கூடியவை அப்படியே மேலே போய் அந்த ஒற்றை முட்டையையும் தின்றுவிடும். அதனால் கேக்கைக் காரிலேயே வைத்துச் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். நம் பந்தியில் எச்சில் இலை விழுகிற இடத்தைப் பூங்காக் காவலர் ஒருவர் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

சங்க காலத்து உடன்போக்கில் தலைவிக்கு உதவத் தோழி இருப்பாள். இங்கே அந்த வேலைக்கு போட்டோகிராபர். ஓடிப்போகும் கல்யாணத்துக்கென்றே தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். எந்தத் தோப்பில் எத்தனை மணிக்கு வெளிச்சம் இறங்கும் என்று சொல்வதும் அவர்தான், பர்மிட்டுக்கு வழி காட்டுவதும் அவர்தான், கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

புரோகிதர் யார் என்று கேளுங்கள். நம் காரைக்குடிப் பையன்! ஜோடியின் ஆபீசில்தான் வேலை. யுனிவர்சல் லைஃப் சர்ச் என்று மொடெஸ்டோ நகரில் ஒரு சபை 1962-இல் தொடங்கினார்கள். கேட்கிற யாருக்கும் இலவசமாகப் பாதிரிப் பட்டம் கொடுக்கும். இப்போது இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். பையன் காபி ஆறுவதற்குள் பட்டம் வாங்கிவிட்டான். கலிபோர்னியா சட்டத்துக்கு அது போதும். மந்திரம், மாலை எதுவும் சட்டம் கேட்பதில்லை. 1967-இல் அண்ணா கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்திலும் மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம், இல்லையென்றால் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும். இங்கேயும் ‘இவரைத் துணையாக ஏற்கிறேன்’ என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னால் முடிந்தது. முன்னதாகக் கவுண்டி அலுவலகத்தில் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும்.

முகூர்த்தம் காலை எட்டு மணி. எட்டரைக்கு ஓரிக் சாலையை மறித்துக்கொண்டு ஒரு எல்க் மான் கூட்டம் நின்றது. ஆண் ஒன்று காரைப் பார்த்தது, மறுபடியும் புல்லைப் பார்த்தது. ஹாரன் அடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

தோப்பில் ஒரே மூடுபனி. இந்த மரங்கள் கோடைத் தாகத்தில் ஒரு பங்கை இந்தப் பனியில்தான் தீர்த்துக்கொள்கின்றன. மிச்சம் கீழே நிற்கிறவர்கள் தலையில் சொட்டும். வெள்ளை கவுன், அதற்குக் கீழே சேற்றுக் கால் பூட்ஸ். கவுன் நுனிக்கு அருகில் விரல் நீளத்துக்கு மஞ்சள் நத்தை ஒன்று, ஓடில்லாதது, பாதையைக் கடந்துகொண்டிருந்தது. அது போய்ச் சேரும்வரை சடங்கை நிறுத்தி வைத்தார்கள். பிறகு கையெழுத்து. உரிமத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது, வேறு வாங்கியாக வேண்டும். போட்டோகிராபரின் பையை மேஜையாக்கி, காரைக்குடிப் புரோகிதனின் கோட்டை ஜோடி பந்தலாகப் பிடிக்க, புரோகிதனும் போட்டோகிராபரும் எழுதினார்கள். போட்டோகிராபர் எழுதும்போது ஒரு சொட்டு விழுந்தது. பெயருக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்ததால் கல்யாணம் செல்லுபடியானது. பத்து நாளுக்குள் காகிதத்தைக் கவுண்டிக்குத் திருப்பி அனுப்புவது புரோகிதர் பொறுப்பு. தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு போன் செய்தான். அம்மா கேட்டது ஒன்றுதான்: தட்சிணை எவ்வளவு?

இதில் இன்னும் ஒரு கூத்து. பெண்ணின் பாட்டி விடவில்லை. சாக்ரமெண்டோவில் அக்டோபருக்கு ஹால் பிடித்துவிட்டாராம். 140 பேர், நாற்காலிக்கு நாற்காலி பெயர். தூண் இருக்கிற ஹாலாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். காரைக்குடிப் பையனுக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. வாசலில் மொய் எழுத யாருமே உட்கார மாட்டார்களா என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். உங்கள் பாஸ்போர்ட் இன்னும் காலாவதியாகவில்லை என்றால் எழுதுங்கள்.