மூன்று பிரதியில் விஞ்ஞானம்

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. பிள்ளைகள் படிக்காததால் அல்ல. வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை. கடதாசி இறக்க டொலர் இல்லை. ஆனாலும் படிவங்களுக்குப் பஞ்சம் வந்ததாக எங்கள் கொட்டாஞ்சேனையில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த நாட்டில் கடைசிக் கடதாசி ஒன்று மிஞ்சினால் அதில் பாடம் அச்சாகாது. விண்ணப்பம்தான் அச்சாகும், அதுவும் மூலப்பிரதியோடு இரண்டு நகல் இணைக்கவும் என்ற குறிப்போடு.

ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்து பாருங்கள். கொமியூனிகேஷன் என்று பலகை போட்ட கடைகள். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க ஒரு காலத்தில் திறந்தவை. கோல் இப்போது எல்லோருடைய பொக்கெட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கடைகளை வாழவைப்பவை படிவங்கள்: போட்டோகொப்பி, டைப்பிங், ஸ்கேனிங், லெமினேட்டிங். அரசாங்கம் எந்தச் சிறுதொழிலுக்காவது மனமறிந்து உதவியிருக்கிறதோ தெரியாது. அறியாமல் செய்த உதவி இது.

அப்படியொரு கடையில்தான் அந்த விரிவுரையாளர் இருந்தார். கிழக்கிலே ஒரு பல்கலைக்கழகம், இரசாயனவியல் துறை. இளமாணி மாணவருக்கு ஆய்வுகூடச் செய்முறையைத் திருத்தியமைக்க ஒரு மானியத்துக்கு விண்ணப்பிக்கிறார். மின்னஞ்சலில் அனுப்பினாலும் கையொப்பமிட்ட கடதாசிப் பிரதி கொழும்பு ஏழிலுள்ள ஒரு கந்தோருக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு முன் போய்ச்சேர வேண்டுமாம். இரவு பஸ்ஸில் வந்து, சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, கடைக்கு வந்திருக்கிறார்.

“சேர், இந்தப் பெட்டிக்குள்ள இருநூறு சொல்லுக்கு மேல போகுதில்ல” என்கிறாள் டைப் பண்ணும் பிள்ளை.

“எந்தப் பெட்டி தங்கச்சி?”

“ஏன் தேவைன்னு கேட்டிருக்கே, அது.”

ஏன் தேவை என்றால், அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றர் இருக்கிறது, அதுவும் மழைக்காலத்தில் வேலை செய்வதில்லை. இதற்கு இருநூறு சொல் எதற்கு? ஒரு வரி போதும். ஆனால் ஒரு வரி எழுதினால் புள்ளி கிடைக்காது. அந்தக் கருவியைச் சுற்றிப் பிள்ளைகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதை ‘கற்றல் பெறுபேறுகளில் அடையாளங்காணப்பட்ட இடைவெளி’ என்று எழுத வேண்டும். அதற்கு அடிநிலைத் தரவு கேட்பார்கள். தரவு எடுக்கக் கருவி வேண்டும். கருவிக்குத்தான் விண்ணப்பம்.

அடுத்த பக்கத்தில் தர்க்கச் சட்டகம்: இலக்கு, நோக்கம், வெளியீடு, விளைவு, தாக்கம். இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை விளக்கவே ஒரு நாள் செயலமர்வு நடக்கும், மதிய உணவோடு. காலாண்டு வாரியாகச் செலவு அட்டவணை, பெறுகைத் திட்டம், கண்காணிப்புச் சுட்டிகள். சுற்றாடல் பாதிப்பு பற்றியும் கேட்கிறார்கள். பத்து பிப்பெட் வாங்குவதால் கல்லாற்றில் மீன் சாகாது என்று ஒரு கலாநிதி கையெழுத்திட்டு உறுதிசொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பெட்டி வேறு. திட்ட நிதி முடிந்த பின் இச்செயற்பாட்டை எவ்வாறு நிலைநிறுத்துவீர்கள்? கேட்பது யார்? 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனை இனித் திருப்பிக் கட்ட முடியாது என்று உலகத்துக்கே அறிவித்த அரசு. அது கேட்கிறது, மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் உள்ள விரிவுரையாளரைப் பார்த்து: உங்கள் நிதித் திட்டமிடல் நம்பகமானதா?

மானியம், மானியம் என்கிறார்களே, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? 2003 இல் இளமாணிக் கல்வியின் பொருத்தத்தையும் தரத்தையும் மேம்படுத்தவென்று ஒரு திட்டம் வந்தது. 2010 இல் இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வி என்று இன்னொன்று, 40 மில்லியன் டொலர். 2017 இல் ‘அஹெட்’, 100 மில்லியன் டொலர். மூன்றும் உலக வங்கியிடம் வாங்கிய கடன். பல்கலைக்கழகங்களையும் துறைகளையும் முன்மொழிவு எழுதவைத்து, போட்டிக்கு நிறுத்தி, அதிலொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தார்கள். கொழும்பில் இறங்கும்போது கடன், துறைக்குள் நுழையும்போது மானியம், திருப்பிக் கட்டும்போது 18 சதவீத வற் வரி. 2022 மே இறுதிவரை 8 சதவீதமாக இருந்தது, 2024 ஜனவரியில் 18 ஆனது. ஆமர் வீதியில் தையல் மெஷின் மிதிக்கிற அக்காவும் இந்தக் கடனின் பங்காளி. அவளிடம் எவரும் முன்மொழிவு கேட்கவில்லை. கட்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் திட்டங்களால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கட்டடம் வந்தது, கருவி வந்தது, சிலர் கலாநிதிப் பட்டமும் முடித்தார்கள். என் கோபம் போட்டி மீது. போட்டியென்றால் ஓடத் தெரிந்தவன் வெல்வான் என்பது சரி. இங்கே நடப்பது ஓட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் போட்டி. ஆங்கிலத்தில் மெழுகித் தரக்கூடிய மூத்த பேராசிரியரும், முன்பே வென்ற விண்ணப்பத்தின் பிரதியும், மதிப்பீட்டுக் குழுவில் பழைய மாணவரும் உள்ள துறை முதலே பாதித் தூரம் போய்விடும். கருவியே இல்லாத துறை, இல்லை என்பதை அழகாகச் சொல்லத் தெரியாததால் பின்தங்கும். வறுமையை நிரூபிக்கவும் வசதி வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு இதெல்லாம் அதிசயமில்லை. யுத்த காலத்தில் வீட்டில் இருப்பவர் பெயர், வந்த காரணம், தங்கும் காலம் என்று பொலிஸில் பதிந்த பதிவுகளை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மறக்கவில்லை. 2007 யூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்பப்பட்டார்கள். சொன்ன நியாயம்: கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை. உயர்நீதிமன்றம் மறுநாள் இடைக்காலத் தடை போட்டது. தகுந்த காரணம் காட்டு என்ற அந்தக் குரல் எந்தக் கந்தோரிலும் ஒரே குரல்தான். லொட்ஜில் தங்கக் காரணம், அறுபது பிள்ளைக்கு இரண்டாவது கருவி கேட்கக் காரணம். முதலில் சந்தேகப்படு, பிறகு பெட்டியை நிரப்பச் சொல். இரண்டு துயரையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. தராசைப் பிடித்திருக்கும் கை ஒன்றுதான் என்கிறேன்.

சரி, பணம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பெறுகை தொடங்கும். விவரக்குறிப்பில் கம்பனிப் பெயர் எழுதக்கூடாது. மூன்று விலைமனு வேண்டும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும். கூடுவதற்கு ஐந்து பேராசிரியர்கள் ஒரே நாளில் ஒரே ஊரில் இருக்க வேண்டும், அது சூரிய கிரகணத்தைவிட அரிது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதம் 360ஐத் தொட்டது. பெப்ரவரியில் விலைமனு கொடுத்த கம்பனிக்காரன் மே மாதம் தொலைபேசியை எடுப்பானா? மறுபடி விலைமனு, மறுபடி குழு, மறுபடி ஒப்புதல். விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்துக் கருவி வந்திறங்குகிறது. அதற்குரிய விளக்கு எரிந்து போனால் மாற்று விளக்குக்குப் பணம் எந்தத் தலைப்பிலும் இல்லை. கருவி மூலதனச் செலவாம், விளக்கு மீண்டுவரும் செலவாம். யாருக்காக விண்ணப்பித்தோமோ அந்த அணி அதற்குள் பட்டமளிப்பு விழாப் படமெடுத்து முடித்திருக்கும். இறுதி அறிக்கையில் ‘பயனடைந்த மாணவர் தொகை’ என்ற இடத்தில் அவர்களையும் சேர்த்து எண்ணுவார்கள்.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தும் வந்தார்கள். கேட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு. ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் இந்த நாடு செலவழிப்பது இன்றும் ஏறத்தாழ 0.1 சதவீதம். ஆறு கேட்டவர்களுக்குப் படிவம் கொடுத்து உட்காரவைத்தாயிற்று. நிரப்புகிறவன் ஊர்வலம் போகமாட்டான்.

பணக்கார நாட்டிலும் இந்த வித்தை நடக்கிறது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை, உங்கள் ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன், விஞ்ஞானத்தில் இடம் கிடைக்காத மக்களை எப்படிச் சேர்ப்பீர்கள் என்று ஆண்டாண்டாக எழுதவைத்தது. 2025 இல் ஆட்சி மாறியதும், அதை எழுதியிருந்த ஏராளமான மானியங்களை அதே அறக்கட்டளை நடுவழியில் வெட்டியது. விஞ்ஞானக் கல்வித் திட்டங்களுக்கே பலத்த அடி. எழுதச் சொன்னதும் அவர்கள், எழுதியதற்குக் கழுத்தைப் பிடித்ததும் அவர்கள்.

நம் விரிவுரையாளர் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். இடர் அட்டவணை. திட்டத்துக்கு நேரக்கூடிய இடர் எது, அதைத் தணிக்கும் நடவடிக்கை என்ன? மணி இரண்டு. வெளியே த்ரீவீல் காத்து நிற்கிறது. அவர் கொஞ்சம் யோசித்துச் சொல்லச் சொல்ல, பிள்ளை டைப் பண்ணுகிறாள்.

“இடர்: திட்டப் பொறுப்பாளர் நாட்டை விட்டுப் போய்விடக்கூடும்.”

“தணிக்கிற நடவடிக்கை, சேர்?”

“போடு தங்கச்சி: பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் வரிசை மிக நீளம்.”