உப்பு வாசலிலேயே நிற்கட்டும்!

கேள்வி: ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்கிறோம். கோதுமைப் பயிருக்கு மட்டும் உப்பு ஏன் ஆகாது?

பதில்: பண்டத்துக்கு ருசி, பயிருக்கு எமன்! உவர் நிலத்துச் சோடியம் தண்ணீரோடு ஏறி இலையில் சேர்ந்தால் நுனி கருகிவிடும். பாஸ்தாவுக்கு ஆகும் டியூரம் கோதுமை இதில் ரொம்பவே நோஞ்சான். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், ஆதிகாலத்து ஐன்கார்ன் கோதுமையின் மரபணு ஒன்றை வழக்கமான கலப்பு முறையிலேயே டியூரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது வேரில் காவல் நின்று, மேலேறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. உவர் வயலில் 25 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்று 2012-இல் அறிவித்தார்கள். பாட்டன் சொத்து என்றால் இதுவல்லவா! நம் கர்னால் ஆராய்ச்சியாளர்கள் கே.ஆர்.எல். 1-4 என்ற உவர் தாங்கும் கோதுமை ரகத்தை உருவாக்கியதும், ராஜஸ்தானின் பழைய உவர்நிலக் கோதுமையான கார்ச்சியாவின் வம்சத்திலிருந்துதான்.