சோபாவில் ஒரு கௌபாய்

நியூயார்க் சுரங்க ரயிலில் அவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். கால் வைக்க இடமில்லாத நெரிசலில், அடுத்தவருடைய முதுகுப்பை தாடையில் இடிக்க, அவர் மட்டும் வயோமிங் புல்வெளியில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருப்பார். கையில் மேரி ஓஹாரா 1941இல் எழுதிய ‘மை ஃப்ரெண்ட் ஃப்ளிக்கா’. வயோமிங், பரப்பில் தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஜனத்தொகையோ ஆறு லட்சம்கூட இல்லை. இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

குதிரை ஏறத் தெரியாது. சென்ட்ரல் பார்க்கில் சுற்றுலா வண்டிக் குதிரை நூறடி தள்ளிப் போனாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஏழாவது மாடி ஜன்னல் வழியே வானத்தை அளந்து, “தீவனப் புல் அறுக்க நல்ல வெயில்” என்பார். “அப்படியே கீழே போய்த் துவைத்த துணியை எடுத்து வரலாம்” என்பார் மனைவி. பண்ணைக்காரருக்கு வேலி கட்டும் மும்முரம், காதில் விழாது.

நாவலில் ராப் முன்னாள் ராணுவ அதிகாரி. குதிரை வளர்த்துக் கடனாளியானவர். அந்தக் கடன் பக்கங்களை நம்மவர் புரட்டித் தள்ளிவிடுவார். வீட்டு பில்களையே அவர் அப்படித்தான் படிக்கிறார். மகன் கென், பகற்கனவிலேயே பரீட்சையைக் கோட்டைவிட்டவன். அம்மா நெல் பரிந்து பேச, அவனுக்கு ஒரு குதிரைக்குட்டி கிடைக்கிறது. அது முள்கம்பியில் சிக்கிப் புண் புரையோடிப்போக, சுட்டுவிடச் சொல்கிறார் ராப். பையன் ஓடையில் இறங்கி, இரவெல்லாம் அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நம்மவர் அழுதே விடுவார். “என்ன தகப்பன் இவன்! பிள்ளை மனசு தெரிய வேண்டாமா?”

மேரி ஓஹாராவும் புரூக்ளினில் வளர்ந்தவர்தான். ஹாலிவுட்டில் படக்கதை எழுதிவிட்டு வயோமிங் பண்ணைக்குக் குடிபோனவர். இதைக் கேள்விப்பட்ட அன்றே நம்மவர் பூட்ஸ் வாங்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு சோபாவில் ஏறக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

கதை இன்னும் இரண்டு பாகங்களுக்கு நீள்கிறது என்பதால் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் மகன் வந்து நிற்பான்.

“அப்பா, ஒரு கினி பன்றி வாங்கித் தாங்களேன்.”

“முதலில் கணக்கில் பாஸ் பண்ணு.”

“கென்கூடத்தான் பாஸ் பண்ணவில்லை” என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

அவர் பக்கத்தைத் திருப்புவார். “அது வயோமிங்.”