கடிகாரமும் குரங்கணியும்

கேள்வி: மலையடிவாரக் குரங்கணியிலிருந்து மேலே உள்ள டாப் ஸ்டேஷனுக்கு யார் சீக்கிரம் ஏறுவது என்று நண்பர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். மலையேற்றத்துக்குக் கடிகாரம் தேவையா? – வாசகி, போடி

பதில்: கட்டாயம் தேவை. இருட்ட இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்க! அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறு தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி அடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கின. அவசரமெல்லாம் பெட்டிக்குத்தான்.

மனித நடை எப்படி என்று தெரிய, ஏலக்காய் மூட்டை சுமப்பவரின் பின்னால் நடந்து பாருங்கள். ஒரே சீரான அடி; பேச்சு கிடையாது. மேடு வந்தால் அடி குறுகும், நிற்காது. பந்தயக்காரர் அவரை முந்திப் போவார். அடுத்த வளைவில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

2018 மார்ச் 11 காட்டுத்தீயைக் குரங்கணி மறக்காது. அதில் போனது 20க்கும் மேற்பட்ட உயிர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே உள்ள புல்லை அனலே முன்கூட்டிக் காயவைத்துவிடும். அதனோடு எந்தக் காலும் போட்டி போட முடியாது. கோடையில் வனத்துறை பாதையை மூடினால் முணுமுணுக்காமல் திரும்பிவிடுங்கள்.

பந்தயம் வேண்டுமென்றால் தார்ச்சாலையில் ஓடட்டும். மலையில் கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் எல்லோர் வேகமும்.