மேலிடம் வழங்கிய தெலுங்கு தேசம்

தெலுங்கு தேசம் கட்சியை ஆரம்பித்தவர் யார் என்று ஆந்திராவில் கேட்டால் ஊரே என்.டி.ராமாராவ் என்று சொல்லும். நாதெண்ட்ல பாஸ்கர ராவ் மட்டும் தன் பெயரைச் சொல்வார். இரண்டும் தப்பு. அந்தக் கட்சிக்குக் கொள்கை கொடுத்து, கோஷம் கொடுத்து, கூட்டம் சேர்த்து, கடைசியில் கோட்டைச் சாவியையும் கையில் கொடுத்தது காங்கிரஸ் மேலிடம். ராமாராவ் செய்ததெல்லாம் வேன் மேல் ஏறி நின்றதுதான்.

ஆந்திராவைக் காங்கிரசுக்கு எதிராகத் திருப்புவது அப்போது சாமானியக் காரியமில்லை. 1977-ல் வட இந்தியா முழுக்க இந்திரா காந்தியை வீட்டுக்கு அனுப்பியபோது, ஆந்திரா 42 தொகுதியில் 41-ஐ எடுத்துக் கொடுத்தது. அடுத்த வருடம் ஜனவரியில் அவர் கட்சியை உடைத்துக்கொண்டு தனியாக வந்தார். பிப்ரவரியில் ஆந்திர சட்டமன்றத் தேர்தல். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத கட்சி, ஆட்சியில் இருந்த பழைய காங்கிரஸைத் தூக்கி எறிந்து, 294-ல் 175 இடம் பிடித்தது. புதுக் கட்சி ஒன்று குறுக்கே வந்து நாற்காலியைப் பிடிக்க முடியும் என்று ஆந்திர மக்களுக்கு முதலில் பாடம் நடத்தியவரே இந்திராதான். 1980-ல் மேடக் தொகுதி அவரை எம்.பி.யாகவும் ஆக்கியது. இவ்வளவு விசுவாசமான ஒரு மாநிலத்தை விரோதியாக்க வேண்டுமென்றால் அசுர உழைப்பு வேண்டும். மேலிடம் உழைத்தது.

நடைமுறை இதுதான். ஹைதராபாத்தில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் கூடுவார்கள். ஒருவர் எழுந்து ஒருவரித் தீர்மானம் வாசிப்பார்: எங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அன்னை இந்திராவிடமே ஒப்படைக்கிறோம். கைதட்டல். ஏகமனதாக நிறைவேற்றம். பிறகு எல்லோரும் டெல்லி இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பெயர் வந்து சேர்ந்ததும், நாங்களும் மனதில் இவரைத்தான் நினைத்திருந்தோம் என்பார்கள். பெயரைக் கேட்டு அதிகம் அதிர்ச்சியானவர்தான் மாலையைப் பெரிதாக வாங்கி வருவார்.

1978-ல் மர்ரி சென்னா ரெட்டி முதல்வரானார். மனிதர் கொஞ்சம் சொந்தக் காலில் நிற்கிறவர். முதல்வருக்கு அது ஆகாத குணம் என்பதால் 1980 அக்டோபரில் இறக்கப்பட்டார். அடுத்து டி.அஞ்சையா. ஆல்வின் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கம் வழியாக மேலே வந்த எளிய மனிதர். கட்சிக்குள் அதிருப்தி என்றால் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது: முணுமுணுக்கிறவரை மந்திரி ஆக்கிவிடுவது. முணுமுணுப்பு நிறையவே இருந்ததால் மந்திரிசபை 61 பேரில் போய் நின்றது. அமைச்சரவைக் கூட்டத்துக்குக் கல்யாண மண்டபம் பார்க்க வேண்டிய நிலை. 'குறை' என்று டெல்லி உத்தரவு போட்டது, குறைத்தார். குறைத்ததும் முணுமுணுப்பு மறுபடி ஏறியது.

1982 பிப்ரவரியில் வந்தது, தெலுங்கு தேசத்தின் உண்மையான தொடக்க விழா. இடம், பேகம்பேட்டை விமான நிலையம். சிறப்பு விருந்தினர், ராஜீவ் காந்தி. அப்போது அவர் எம்.பி.யாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. சொந்த வேலையாக ஹைதராபாத் வந்தார். அன்னையின் மகன் வருகிறார் என்றால் அஞ்சையாவுக்குக் கை சும்மா இருக்குமா? மேளம், மாலை, கொடி, ஆள்கள் என்று ஒரு திருவிழாவையே ஓடுதளத்து ஓரம் வரை கூட்டிவந்துவிட்டார். ராஜீவோ இந்தியன் ஏர்லைன்ஸில் விமானம் ஓட்டியவர். விமானம் நிற்கிற இடத்தில் தவில்காரருக்கு என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை. அத்தனை பேர் முன்னால் முதலமைச்சருக்கு அர்ச்சனை விழுந்தது. 'பஃபூன்' என்று திட்டினார் என்பது ஊர் முழுக்கப் பேச்சானது. அஞ்சையா கண் கலங்கி நின்றார். அந்த மாதமே பதவியும் போனது.

அதுவரை அஞ்சையாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த ஆந்திரா, அன்றைக்கு அவருக்காகக் கோபப்பட்டது. எங்கள் முதல்வரை நாங்கள் திட்டலாம், நீ யார் திட்டுவதற்கு? இந்த ஒரு கேள்விதான் பிறகு 'தெலுங்கர் ஆத்ம கௌரவம்' என்று மேடைக்கு ஏறியது. கொள்கை தயார். இனி அதை நல்ல குரலில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆள், சென்னை தியாகராய நகரில், பஸுல்லா ரோட்டில் குடியிருந்தார். நமக்கு அவரைத் தெரியும். 'மாயா பஜா'ரிலும் 'கர்ண'னிலும் கிருஷ்ணராக வந்து நிற்பாரே, அவரேதான். கிருஷ்ணா மாவட்டம் நிம்மகூருவில் 1923-ல் பிறந்தவர். குண்டூர்ப் பக்கம் சப்-ரிஜிஸ்திரார் உத்தியோகம் கிடைத்தும் சில வாரத்தில் உதறிவிட்டு சினிமாவுக்கு வந்தவர். ராமர், கிருஷ்ணர், வெங்கடேசர் என்று ஒரு தெய்வம் பாக்கியில்லாமல் நடித்ததில், திருப்பதிக்குப் போன ஆந்திர பக்தர்கள் மலையில் மூலவரைச் சேவித்த கையோடு பஸ் ஏறிச் சென்னை வந்துவிடுவார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வாசலில் நிற்பார்கள். இவர் காலையிலேயே ஒப்பனையும் சிரிப்புமாக வெளியே வந்து தரிசனம் தருவார். மலையில் ஜருகண்டி உண்டு, பஸுல்லா ரோட்டில் கிடையாது.

சாமி வேஷம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1972-ல் 'படி பந்துலு' படத்தில் அவருக்குப் பேத்தியாக வந்த குழந்தை ஸ்ரீதேவி, 1979-ல் 'வேட்டகாடு' படத்தில் அவருக்கே ஜோடி. ஏழு வருடத்தில் பேத்திக்கு வயது ஏறியது, தாத்தாவுக்கு ஏறவில்லை. இதை ஏற்றுக்கொண்டு விசிலடித்த ரசிகர்களுக்கு, 58 வயதில் ஒருவர் புதுசாக அரசியலுக்கு வருவதில் என்ன விசித்திரம் தெரியப்போகிறது?

1982 மார்ச் 29 அன்று ஹைதராபாத் எம்.எல்.ஏ. விடுதியில் கட்சிப் பெயரை அறிவித்தார். காங்கிரஸ்காரர்கள் சிரித்தார்கள். பவுடர் பூசுகிறவருக்குப் பட்ஜெட் தெரியுமா? பக்கத்து மாநிலத்தில் எம்.ஜி.ஆர். இரண்டாம் முறை முதல்வராக இருந்துகொண்டிருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. பட்டவர்களும், அது தமிழ்நாடு, அங்கே அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். எம்.ஜி.ஆருக்காவது கட்சி தொடங்கியதிலிருந்து கோட்டைக்குப் போக ஐந்து வருடம் பிடித்தது. ராமாராவுக்கு ஒன்பது மாதம் போதுமாக இருந்தது. காரணம், எம்.ஜி.ஆருக்கு இப்படி ஒரு காங்கிரஸ் மேலிடம் ஒத்தாசைக்கு வரவில்லை.

ஒத்தாசை நிற்கவேயில்லை. அஞ்சையாவுக்குப் பிறகு பவனம் வெங்கட்ராமி ரெட்டியை உட்கார வைத்தார்கள். அவர் மேலவை உறுப்பினர். எந்தத் தொகுதியிலிருந்து வந்தார் என்று மக்கள் விசாரித்து முடிப்பதற்குள், செப்டம்பரில் அவரையும் தூக்கிவிட்டுக் கோட்ல விஜயபாஸ்கர ரெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடத்துக்குள் நாலு முதல்வர். ராமாராவ் மேடைக்கு மேடை சொல்ல வேண்டியிருந்தது இந்த நாலு பெயரை வரிசையாகத்தான். மீதியைக் கூட்டமே சொல்லி முடித்தது.

மேடை என்று சொன்னது வேனின் கூரையை. பழைய செவர்லே வண்டி ஒன்றைத் தட்டிக்கொட்டி, 'சைதன்ய ரதம்' என்று பெயர் எழுதி, மேலே ஏற ஏணி வைத்து, மைக் கட்டினார்கள். சாரதி, மகன் ஹரிகிருஷ்ணா. அதுவரை திரையில் அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டிய ராமாராவ், இப்போது தேருக்கு உள்ளே ஏறிக்கொண்டார். உடுப்பு காக்கி பேண்ட், காக்கிச் சட்டை. பட்டுப் பீதாம்பரத்தில் பார்த்துப் பழகிய ஆளைப் பஸ் டிப்போ உடுப்பில் பார்த்ததும் சனம் உருகிவிட்டது. குளியல் ரோட்டோரம், சாப்பாடு ரோட்டோரம், தூக்கம் வேனுக்குள். சாயங்காலம் வரவேண்டிய ஊருக்கு நடுராத்திரி தாண்டி வருவார். அதுவரை ஊர் தூங்காது. பெண்கள் கற்பூரத் தட்டோடு காத்திருப்பார்கள். வேன் நிற்கும், கூரையில் தலை தெரியும், புராணப் பட வசனத்தில் பேச்சு தொடங்கும்: தெலுங்கு வீட்டு அண்ணன்மாரே, அக்காமாரே, கூடப்பிறந்த செல்வங்களே! அந்நேரம் அவர் பட்ஜெட்டையே வாசித்திருந்தாலும் ஆரத்தி எடுத்திருப்பார்கள்.

ஜூலையில் 'பொப்பிலி புலி' வந்தது. நீதிமன்றக் கூண்டில் நின்று அவர் பேசிய வசனத்துக்குத் தியேட்டர் அதிர்ந்தது. நாட்டு நடப்பை நறநறவென்று கடித்துத் துப்புகிற வசனம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கித் தேர்தல் பிரசாரம் கேட்ட மக்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். 'ஈநாடு' பத்திரிகை மறுநாள் காலையில் ரதம் போன பாதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தச் சமயத்தில்தான் ராமாராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி என்றார். ஆட்சியில் இருந்தவர்கள் யோசித்தார்கள். மாநிலத்தின் மூளைகளெல்லாம் கூடி யோசித்து, ஒரு பதிலடி கண்டுபிடித்தார்கள்: கிலோ ஒரு ரூபாய் தொண்ணூறு பைசா! செருப்புக் கடையில் விலைச்சீட்டு எழுதுகிற புத்தி. அரிசி விலை பத்துப் பைசா குறைந்தது, கூடவே மானமும் இறங்கியது. இத்தனை வருடம் ஆட்சியில் இருந்தவர்களுக்கு அரிசி ஞாபகம் வந்ததே அந்த வேன்காரரால்தான் என்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது. அதைவிடப் பத்துப் பைசா கூடக் கொடுத்து அவரிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

1983 ஜனவரி 5-ல் வாக்குப்பதிவு. இந்திரா மாநிலமெங்கும் பறந்து பறந்து பேசினார். அவர் கூட்டத்துக்கும் சனம் வந்தது. ஆந்திர மக்கள் யார் கூப்பிட்டாலும் பேச்சுக் கேட்க வருவார்கள். ஓட்டு மட்டும் சைக்கிளுக்குப் போட்டார்கள். தெலுங்கு தேசத்துக்கு 200-க்கு மேல். காங்கிரசுக்கு 60. மாநிலம் பிறந்ததிலிருந்து காங்கிரஸ் அல்லாத ஆட்சியே கண்டிராத ஊர். அதே நாளில் ஓட்டுப் போட்ட கர்நாடகமும் காங்கிரஸைக் கைகழுவியது. ஒரு கொசுறும் உண்டு: முந்தின வருடம் மார்ச்சில்தான் மாமியார் இந்திராவின் வீட்டை விட்டு வெளியேறிய மேனகா, தன் சஞ்சய் மஞ்ச் சார்பில் ராமாராவோடு கூட்டுச் சேர்ந்து ஐந்து இடத்தில் ஆள் நிறுத்தி நாலில் ஜெயித்தார். ஆந்திராவில் நடந்தாலும் குடும்பச் சண்டை குடும்பச் சண்டைதான்.

ஜனவரி 9-ல் பதவியேற்பு. ராஜ்பவன் ஹால் எந்த மூலைக்கு? லால் பகதூர் ஸ்டேடியத்தில், மக்கள் முன்னால் நடந்தது. புது முதல்வர் மாதச் சம்பளம் ஒரு ரூபாய் என்றார். கிழக்கு வெளுக்கும் முன்பே அதிகாரிகளைக் கூப்பிட்டனுப்பினார். அரசு ஊழியர் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆகக் குறைத்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் 59 வயதில் புது வேலைக்குச் சேர்ந்தவர் என்பதை ஊழியர்கள் சுட்டிக்காட்டியும் பலனில்லை. கொஞ்ச நாளில் காக்கி போய்க் காவி வந்தது.

இதோடு விட்டிருந்தால் மேலிடத்துக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும். 1984-ல் அவர் அமெரிக்கா போய் இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய கையோடு, ஆகஸ்ட் 16-ல் ஆளுநர் ராம்லால் அவரை நீக்கி, கட்சியை ஆரம்பித்தது தான்தான் என்கிற அந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதல்வராக்கினார். ராமாராவ் தன் எம்.எல்.ஏ.க்களைக் கூட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் டெல்லிக்கே போய் ஜனாதிபதி முன்னால் எண்ணிக் காட்டினார். பெரும்பான்மையை நிரூபிக்க பாஸ்கர ராவுக்குக் கொடுத்த ஒரு மாதத்தில் அந்த எம்.எல்.ஏ.க்களைக் கர்நாடகத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ராம்லால் போனார், ஒரு மாத முதல்வரும் போனார், செப்டம்பர் 16-ல் ராமாராவ் திரும்ப வந்தார். டிசம்பரில் மக்களவைத் தேர்தல். இந்திரா கொலையான துக்கத்தில் ராஜீவ் நாடு முழுக்க அள்ளி 400-ஐத் தாண்டினார். ஆந்திரா மட்டும் 42-ல் 30-ஐத் தெலுங்கு தேசத்துக்குக் கொடுத்து, ஒரு மாநிலக் கட்சியை மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அவருக்கு எதிரே உட்கார வைத்தது.

காங்கிரஸ் தரப்பில் ஒரே ஒருவர் மட்டும் 1983-லிருந்து சரியான பாடம் கற்றார். அஞ்சையா காலத்திலேயே மந்திரியானவர். சினிமாத் துறையும் அவரிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் 1981-ல் ராமாராவின் மகளைக் கல்யாணம் செய்தவர். 1983-ல் சந்திரகிரியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று மாமனார் கட்சி ஆளிடமே தோற்றவர், பெயர் சந்திரபாபு நாயுடு. தோற்ற பிறகு மாமனார் கட்சியிலேயே சேர்ந்தார். எம்.எல்.ஏ.க்களைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று 1984-ல் அருகிலிருந்து பார்த்தார். 1995 ஆகஸ்டில் அதே எம்.எல்.ஏ. வித்தையை மாமனாரிடமே காட்டினார். ரதம் ஓட்டிய ஹரிகிருஷ்ணா உட்பட வீட்டார் பெரும்பாலும் அவர் பக்கம். செப்டம்பர் 1-ல் முதல்வர். சாரதிக்குப் பின்னர் போக்குவரத்துத் துறை கிடைத்தது. இந்திரா, ராஜீவ், ஆளுநர் மாளிகை எல்லாம் சேர்ந்து முட்டியும் அசையாத ராமாராவை, 1983-ல் தோற்றுப்போன ஒரு காங்கிரஸ் வேட்பாளர் இறக்கிக் காட்டினார். அதற்கும் மேலிடம் உரிமை கொண்டாடவில்லை, பாவம்.