பாஸ் போதுமா, கட்டடக் கலைஞர் வேண்டுமா?

கேள்வி: ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டப்போகிறோம். நல்ல மேசன் பாஸ் இருக்கிறார். கட்டடக் கலைஞருக்கும் காசு கொடுக்க வேண்டுமா?
– வாசகி, கந்தப்பளை

பதில்: கொடுங்கள், தாயே! பாஸ் சுவரை நேராக எழுப்புவார்; அதை எங்கே எழுப்பக்கூடாது என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. மலைச்சரிவில் அதில் பாதியை மதிலும் வடிகாலுமே கேட்கும்.

கண்டியில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1951இல் முடித்த கருணாரத்ன வீட்டைப் பாருங்கள். மலையைத் தட்டையாக்காமல், வீட்டைச் சரிவோடு படிப்படியாக இறக்கினார். பின்னர் வட்டபுளுவ வீட்டுத்திட்டத்தில், குடியேறப் போகும் குடும்பங்களின் தேவைகளைக் கேட்டறிந்தே வரைந்தார். லயத்துக்கு அளவு போட்ட துரைமார் நம் பாட்டியிடம் அப்படிக் கேட்டார்களா? உங்களிடம் கேட்கிற ஆளைத் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அறிக்கை எடுங்கள். மீரியபெத்தைத் தோட்ட லயங்கள் 2014இல் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கலாமா? கையில் காசு குறைவென்றால், வரைபடத்துக்கும் அத்திவாரம் வெட்டும் நாள் வருகைக்கும் மட்டும் கட்டணம் பேசுங்கள். மிச்சத்தை பாஸ் பார்த்துக்கொள்வார். குசினி ஜன்னல் எந்தப் பக்கம் என்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்!